தமருகந்த வண்டி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையும் சிங்கபெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். அந்தக் கூட்டுரோட்டில் ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றால் போதும், நீளநீளமான கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டிப் போவதைப் பார்க்கலாம். சிலவற்றில் கார்கள், சிலவற்றில் டயர்கள், சிலவற்றில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள். அந்த மோட்டார் சைக்கிள்கள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஆனால் வட்ட ஹெட்லைட், அதன்மேல் தொப்பி மாதிரி ஒரு தகடு, நீர்த்துளி வடிவ டேங்க், அகலமான மட்கார்டு என்று பார்வைக்கு 1950களில் பிறந்த மாதிரி இருக்கும்.

அதே சாலைகளிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில், வீட்டோரத் தகரக் கொட்டகைகளில், இதற்கு நேரெதிரான வேலை நடக்கிறது. நிஜமாகவே அரை நூற்றாண்டுக்கு முன்னால் பிறந்த வண்டிகளைச் சிலர் பிரித்து, தேய்த்து, நேற்று ஷோரூமிலிருந்து வந்த மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். புதியது பழையதாக நடிக்கிறது. பழையது புதியதாக நடிக்கிறது. நானும் அந்தக் கொட்டகைக்காரர்களில் ஒருவன். வாரநாட்களில் கோடு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பாவின் 1974 மாடல் புல்லட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ரீஸ்டோர் செய்கிற யாரைக் கேட்டாலும் ஒரே வாக்கியம்தான் வரும்: "பழையபடி ஆக்கணும்." இந்தக் கட்டுரை அந்த 'பழையபடி' என்ற சொல்லைப் பற்றியது. எந்தப் பழையபடி? யாருடைய பழையபடி? அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது?

1

புல்லட் விஷயத்தில் 'அசல்' என்ற சொல்லே கொஞ்சம் வழுக்கும். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனம். இந்திய ராணுவத்துக்கு 350 சிசி புல்லட்கள் தேவைப்பட்டன. 1955ல் ரெட்டிச் நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்திலேயே பாகங்கள் எல்லாம் இங்கே தயாராகத் தொடங்கிவிட்டன. 1967ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. சில வருஷங்களில் அந்த பிரிட்டிஷ் நிறுவனமே இல்லாமல் போனது. திருவொற்றியூர் மட்டும் அதே எஞ்சினைச் செய்துகொண்டிருந்தது: 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. 1977ல் சென்னைப் புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. 1994ல் நிறுவனம் ஐஷரின் கைக்கு வந்தது. 2013ல் ஒரகடம் தொழிற்சாலை, 2017ல் வல்லம் வடகால். அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது 2000களின் கடைசியில்தான்.

இன்று இங்கிலாந்தில் ஒருவர் 1955 ரெட்டிச் புல்லட்டைப் புதுப்பிக்க இறங்கினால், பல பாகங்கள் அவருக்கு இந்தியாவிலிருந்துதான் போகின்றன. தாய் போன பிறகும் பிள்ளை வாழ்ந்தது, தாயின் எலும்புக்கு எலும்பு கொடுக்கிறது. இதில் எது அசல், எது நகல் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

தத்துவம் படித்தவர்கள் உடனே தீசியஸின் கப்பலை இழுத்துவருவார்கள். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் இருப்பது அதே கப்பலா? நீங்கள் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். எனக்குப் பிடித்தது 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் சேர்த்த திருகல்தான். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் பத்திரமாகச் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால்? இப்போது எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸுக்கு அது கற்பனை. சென்னைக்காரர்களுக்கு அதன் பெயர் புதுப்பேட்டை. ஒரு வண்டியின் முன்சக்கரம் ஒரு கடையில், டேங்க் எதிர்க்கடையில், கியர்பாக்ஸ் மூன்றாவது சந்தில். எங்கோ உடைத்த வண்டிகள் அங்கே வேறு வண்டிகளாக மறுபிறவி எடுத்துக்கொண்டே இருக்கின்றன.

சட்டத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. சேஸ் நம்பர் எதுவோ அதுதான் வண்டி. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த விவரங்களிலிருந்து விலகி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அப்படியானால் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். ஆக, சட்டத்தின் கண்ணில் அசல் என்றால் தயாரிப்பாளர் வெளியே அனுப்பிய நாளில் வண்டி எப்படி இருந்ததோ அது. அதற்குப் பின்னால் நடந்தது எல்லாம் விலகல்.

பெரியப்பாவின் வண்டியில் அப்படியொரு விலகல் இருக்கிறது.

2

பெரியப்பா வாலாஜாபாத் பக்கம் பம்புசெட் மெக்கானிக். போலீஸ் டிபார்ட்மென்ட் கழித்து ஏலம் விட்ட வண்டி அது. எடுத்த முதல் மாசமே ஒரு வெல்டிங் பட்டறையில் நிறுத்தி, பின்பக்கச் சட்டத்தில் இரண்டு பக்கமும் 'எல்' ஏங்கிளை வைத்து அடித்துவிட்டார். பாலாற்றோரக் கிணறுகளில் காயில் எரிந்துபோன மோட்டார்களை அந்த ஏங்கிள்மேல் வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, ரீவைண்டிங்குக்கு எடுத்துப்போவார். இரண்டு ஆள் தூக்குகிற கனம். வெல்டிங் பார்க்க அசிங்கமாக இருக்கும். புட்டு உதிர்த்த மாதிரி. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு விரிசல் விட்டதில்லை.

ரீஸ்டோரேஷன் தெரிந்த நண்பர்கள் வண்டியைப் பார்த்ததும் சொன்னது ஒன்றே: "முதல்ல அந்த ஏங்கிளை அறுத்துப் போடு." அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வயசுக் கணக்கில் வண்டி விண்டேஜ் விதிக்குள் வருகிறது. ஏங்கிள் இல்லாவிட்டால் அசல் வடிவம் என்று வாதாடலாம். விற்பதானாலும் விலை ஏறும். கிரைண்டரை எடுத்தால் பத்து நிமிட வேலை. தேய்த்து, பட்டி பார்த்து, பவுடர் கோட்டிங் அடித்தால் அங்கே ஒன்று இருந்ததே தெரியாது.

எனக்குக் கை வரவில்லை. ஆனால் கை வராததை மட்டும் காரணமாக வைத்துக்கொள்ள முடியாது. பாசம் ஒரு வாதமல்ல. அறுக்கக்கூடாது என்றால் ஏன் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கான சொற்கள் எனக்குக் கிடைத்தது ஸ்ரீபெரும்புதூரில்.

3

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் தலைமுறைக்கு ஹூண்டாய், ஃபாக்ஸ்கான். அதற்கு முன்னால் அது ராமாநுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் ராமாநுஜர் திருமேனிக்கு ஒரு பெயர் உண்டு: தானுகந்த திருமேனி. அவர் உயிரோடு இருந்தபோதே சீடர்கள் செய்வித்த உருவம், அவரே பார்த்து மகிழ்ந்து ஆரத் தழுவிக்கொண்டது என்பது மரபு. கர்நாடகத்தின் மேல்கோட்டையில் இருப்பது தமருகந்த திருமேனி. அவர் அங்கிருந்து திருவரங்கம் திரும்பும்போது, பிரிவு தாங்காத அடியார்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது. தமர் என்றால் தம்முடையவர், நம்மவர். மூன்றாவது திருவரங்கத்தில்: தானான திருமேனி. அங்கே இருப்பது உருவமல்ல, அவரது உடலே என்று நம்புகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்துப் பூசிக் காத்துவருகிறார்கள்.

நான் இதைப் பக்திக் கதையாகச் சொல்லவில்லை. ஒரே ஒருவருக்கு மூன்று வடிவங்கள், மூன்றும் உண்மை, ஆனால் உண்மையாக இருப்பதற்கு மூன்றும் வேறுவேறு காரணம் வைத்திருக்கின்றன. ஒன்று, அது அவரே என்பதால். இன்னொன்று, அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்பதால். மற்றொன்று, அவரை நேசித்தவர்கள் அவரை அப்படிப் பார்த்தார்கள் என்பதால். 'பழையபடி' என்ற சொல்லுக்குள் குழம்பிக் கிடந்த மூன்று அர்த்தங்களை இந்த மூன்று பெயர்களும் தனித்தனியாகப் பிரித்துக்கொடுத்துவிட்டன.

தானான வண்டி: இருக்கிற இரும்பை இருக்கிறபடி காப்பது. துருவைத் தடுப்பது, மீறி எதையும் தொடாமலிருப்பது. உலகம் முழுக்க இப்படி ஒரு கட்சி உண்டு. பெயின்ட் உரிந்திருந்தாலும் அது அன்றைய பெயின்ட், விடு என்பார்கள். மியூசியத்துக்கு இது சரி. ஓடுகிற வண்டிக்கு நடக்காது. எஞ்சின் ஓட ஓடத் தேயும். சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் போர் அடித்து, 20 ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அடுத்த முறை 40, அதற்கடுத்து 60. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இரும்பு தூளாகி வெளியே போகிறது. இந்த எஞ்சின் வாழ்வதே தன்னை இழந்துதான். அப்படியே இருக்கட்டும் என்றால் நின்றுபோகட்டும் என்று அர்த்தம்.

தானுகந்த வண்டி: செய்தவர் எப்படி அனுப்பினாரோ அப்படி. சட்டமும் சந்தையும் கேட்பது இதைத்தான். அன்றைய கேட்டலாக் பார்த்து, அதே பச்சை, அதே குரோம், போல்ட்டின் தலைகூட அன்றைய விட்வொர்த் அளவில். இந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் என் தொழில்மொழியில் சொன்னால் இது முதல் கமிட்டுக்கு 'ரீசெட் ஹார்ட்' அடிப்பது. பிறந்த நாளில் இருந்த நிலை திரும்பக் கிடைக்கும். ஐம்பது வருஷ கமிட்கள் மொத்தமும் போய்விடும். வண்டி தொழிற்சாலையில் இருந்தது ஒருவேளை சில நாட்கள். பெரியப்பாவோடு இருந்தது இருபது வருஷத்துக்கு மேல். சில நாள் உண்மைக்காக இருபது வருஷ உண்மையை அழிப்பதற்கு எப்படி 'அசலை மீட்பது' என்று பெயர் வைக்க முடியும்?

இந்தத் தவறு நமக்குப் பழக்கமானதுதான். கோயில் திருப்பணி என்ற பெயரில் கல்மேல் மணல்வீச்சு அடித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போனது, கருமை போனது, கூடவே கல்வெட்டின் எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் மழுங்கின. சேஸுக்கும் நாம் அடிப்பது அதே சாண்ட் பிளாஸ்டிங்தான். சேஸ் நம்பர்மேல் டேப் ஒட்டி மறைக்காமல் அடித்தால் வண்டியின் கல்வெட்டும் மழுங்கிவிடும், அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் நின்று புலம்ப வேண்டியதுதான். 1964ல் வெனிஸில் பழைய கட்டடங்களைக் காப்பது குறித்து ஒரு சாசனம் எழுதினார்கள். அதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியம். ஊகம் தொடங்குகிற இடத்தில் மீட்பு வேலை நின்றுவிட வேண்டும். ஒரு கட்டடத்தின்மேல் வெவ்வேறு காலங்கள் சேர்த்த நியாயமான சேர்க்கைகளை மதிக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கென்று பின்னால் வந்த துரின் சாசனமும் இந்த வழியில் எழுதப்பட்டதுதான். சோழர் கோயிலில் நாயக்கர் மண்டபம் இருந்தால் நாம் இடிப்பதில்லை. ஆனால் போலீஸ் புல்லட்டில் பம்புசெட் மெக்கானிக் மண்டபம் கட்டினால் அறுக்கச் சொல்கிறோம்.

மிச்சமிருப்பது தமருகந்த வண்டி. அதன் ஆட்கள் அதை எப்படி வைத்திருந்தார்களோ அப்படி. இதுதான் சரியென்று எனக்குத் தோன்றியது. தோன்றிய அன்றே அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. தமர் யார்?

4

பக்கத்து வீட்டு மாடியில் ஐந்து பேரோடு ஒரு பையன் தங்கியிருக்கிறான். திருவண்ணாமலைப் பக்கம், டிப்ளமோ மெக்கானிக்கல். இங்கே ஒரு வாகனத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் கொட்டகைக்கு வந்து உட்காருவான். அவன் ஸ்டேஷனில் அவனுக்கு நாலு போல்ட். டூலை வைத்து அழுத்தினால் சரியான டார்க் வந்ததும் பச்சை லைட் எரியும். அடுத்த வண்டி வந்து நிற்கும். ஒருநாள் ஏங்கிளைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இதை யாருண்ணா அடிச்சது?"

"வாலாஜாபாத்துல ஒரு வெல்டர். பேரு தெரியல. பெரியப்பா பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல அடிச்சாராம்."

"இந்தப் பக்கம் நிதானமா அடிச்சிருக்காரு. அந்தப் பக்கம் வரும்போது அவசரம். கரண்ட் போறதுக்குள்ள முடிக்கணும்னு அடிச்சிருப்பாரு போல." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "நாங்க செய்யறதுல யாரு செஞ்சான்னு தெரியாதுண்ணா. தெரிஞ்சா அது டிஃபெக்ட்."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலையின் இலக்கணமாகச் சொன்னான். அது சரியான இலக்கணமும்கூட. என் பிரேக் பிடிப்பது, அதைப் பூட்டியவர் அன்று நன்றாகத் தூங்கினாரா என்பதைப் பொறுத்து இருக்கக்கூடாது. ஒரே மாதிரி செய்வதில் ஓர் அறம் இருக்கிறது. முகம் தெரியாத லட்சம் பேருடைய உயிரை அது காக்கிறது. ஆனால் அந்த அறத்துக்கு ஒரு விலை உண்டு, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நாம் கேட்பதில்லை. இந்த வட்டாரத்தில் பல்லாயிரம் பேர், தங்கள் கை பட்ட அடையாளம் எதிலும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறார்கள். நானோ ஞாயிற்றுக்கிழமைகளில், எவர் கை பட்ட அடையாளமோ ஒன்றைக் காப்பாற்றக் காசு செலவழிக்கிறேன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ராயல் என்ஃபீல்டின் சில டேங்குகளில் ஓடும் மெல்லிய கோட்டை இன்றும் கையால், தூரிகையால் வரைகிறார்கள். பெயின்ட் அடிப்பது ரோபோ, கோடு போடுவது மனிதர். அந்தக் கோட்டுக்காகவே சகோதரர்கள் இருவர் உலகம் முழுக்கப் புல்லட் ரசிகர்களுக்குத் தெரிந்தவர்கள். வாங்குகிறவர்கள் அந்தக் கோட்டில் லேசான நடுக்கம் தெரிந்தால் சந்தோஷப்படுகிறார்கள். ஒரு டேங்கில் ஒரு கோட்டுக்கு மட்டும் மனிதக் கை அழகு. அதே வண்டியின் மற்ற ஆயிரம் இடங்களில் மனிதக் கை குறை.

பெயர் என்பது இங்கே சும்மா உணர்ச்சி விஷயமில்லை. 2024 செப்டம்பர் 9 அன்று, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஊதியத்தோடு சேர்த்து அவர்கள் கேட்டது, தங்கள் சங்கத்துக்குப் பதிவும் அங்கீகாரமும். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருப்பதற்கு நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்தது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. நிறுவனத்தின் பெயர் பொறித்த பொருளைச் செய்கிறவர்கள், அந்தப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாமா என்பதே இங்கே வழக்காகிறது. ஒரு பொருளின் தமர் யார் என்ற கேள்வியை நான் கொட்டகையில் உட்கார்ந்து யோசிக்கிறேன். அவர்கள் அதை வெயிலில் பந்தலின் கீழ் உட்கார்ந்து கேட்டார்கள்.

நாங்கள் கோடு எழுதும்போது ஒரு வரியை யார் எழுதினார் என்று பார்க்க கிட்டில் 'பிளேம்' என்றொரு கட்டளை உண்டு. பெயரே பழி. அதற்கு முன்னிருந்த சப்வெர்ஷனில் அதே வேலையைச் செய்ய 'பிரெய்ஸ்' என்ற மாற்றுப்பெயரும் இருந்தது. கிட்டில் அது வரவில்லை. தொழிற்சாலையிலும் எந்த ஷிப்டில் எந்த ஸ்டேஷனில் எந்த டார்க் என்ற பதிவு பல இடங்களில் இருக்கும். ஏதாவது கழன்றால் யார் என்று தேடுவார்கள். கழலாவிட்டால் தேடமாட்டார்கள். பெயர் தெரியாத வாலாஜாபாத் வெல்டருக்குக் கிடைத்த பாராட்டு, இத்தனை வருஷம் கழித்து ஒரு ஒப்பந்தத் தொழிலாளி அந்த வெல்டிங்கைத் தடவிப் பார்த்ததுதான்.

ஆகவே தமர் என்றால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்கள் என்று என்னால் முடிக்க முடியவில்லை. திருவொற்றியூரில் அதைப் பூட்டியவர், ரோந்து போன கான்ஸ்டபிள், பெரியப்பா, வெல்டர், போர் அடித்த லேத் மாஸ்டர் எல்லாரும் அதில் வருகிறார்கள். நான் இன்னும் வரவில்லை. வாரிசாகக் கிடைத்ததால் வண்டி என்னுடையது, அவ்வளவுதான்.

5

இந்த இடத்தில் ஒரு தம்பி என்னை மடக்கினான். பழைய புல்லட்டை வாங்கி, பின்சட்டத்தை அறுத்து, மட்கார்டைக் குட்டையாக்கி, பாபர் ஸ்டைலில் மாற்றிக்கொண்டிருப்பவன். நான் ரொம்ப நேரமாக வரலாறு, மரியாதை என்று பேசியதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "உங்க பெரியப்பாவும் வெட்டி ஒட்டினவர்தானே? அவர் செஞ்சா வரலாறு, நான் செஞ்சா குத்தமா?"

நல்ல அடி. முதலில் வந்த பதில், அவர் தேவைக்காகச் செய்தார், நீ அழகுக்காகச் செய்கிறாய் என்பது. அது நிற்காது. அழகும் தேவைதான். லாரிக்குப் பின்னால் மயில் வரைகிறவரிடம் போய் அது அநாவசியம் என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த பதில், அன்று அது சாதாரண வண்டி, இன்று அரிதாகிவிட்டது என்பது. அதில் பாதி உண்மை. ஆனால் அரிது என்பது விலையைச் சொல்கிறது, அறத்தைச் சொல்வதில்லை.

யோசித்தபோது எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றே. பெரியப்பா அந்த ஏங்கிளை வைத்த பிறகு, அதோடு வாழ்ந்தார். கனம் ஏற ஏறப் பின்பக்கம் ஆடும், அதைக் கையில் வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டார். ஏங்கிளின் முனை ஒருநாள் அவர் கெண்டைக்காலைக் கிழித்தது, அதற்கு ரப்பர் சுற்றினார். அவர் செய்த மாற்றத்துக்கான கூலியை அவரே கொடுத்தார். வெல்டிங் அடித்த அன்று அவருக்கும் எந்த உரிமையும் இல்லை. அன்று அது ஒரு போலீஸ் வண்டியைக் கெடுத்தது மட்டும்தான். உரிமை பின்னால் வந்தது, ஓட்டி ஓட்டி வந்தது. அப்படியானால் அந்தத் தம்பியின் பாபரும் இருபது வருஷம் கழித்து ஒருவேளை தமருகந்த வண்டி ஆகலாம். போட்டோ எடுத்து விற்றுவிட்டான் என்றால் ஆகாது. எது நடக்கும் என்று இன்றைக்கு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதிலிருந்துதான் எனக்கான விதி கிடைத்தது. நான் இந்த வண்டியின் தமராக ஆவேனா என்று முன்கூட்டியே தெரியாதபோது, ஆவேன் என்று வைத்துக்கொண்டு கிரைண்டரை எடுக்க முடியாது. அறுப்பதற்குத் திரும்பும் வழி கிடையாது. அதனால் நான் சேர்ப்பது எதுவும் போல்ட்டில் நிற்க வேண்டும், வெல்டிங்கில் நிற்கக்கூடாது. நான் கழற்றுவது எதுவும் பெட்டியில் இருக்க வேண்டும். 6 வோல்ட்டை 12 ஆக்கினேன், ராத்திரி ஒரகடம் ரோட்டில் லாரிக்காரர் கண்ணுக்கு நான் தெரிந்தாக வேண்டும். பழைய ஒயரிங்கைச் சுருட்டி, எந்த ஒயர் எங்கே என்று துண்டுச்சீட்டு கட்டி வைத்திருக்கிறேன். சிலிண்டருக்குப் போர் அடித்தேன், அதற்குத் திரும்பும் வழி இல்லை, ஓட வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை.

பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொன்னார்கள். ஸ்டார்ட் ஆவது சுலபமாகும். அதைச் செய்யவில்லை. பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்ய ஒரு வித்தை உண்டு. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். பாயின்ட் திறக்கும் இடத்தில் முள் நடுவுக்கு வரும். டீகம்ப்ரசரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் ஒரு நூல் இறக்கி, விட்டுவிட்டு, ஒரே உதை. பெரியப்பாவின் வலது கால் அறிந்த விஷயம் அது. பாயின்டைக் கழற்றினால் பெட்டியில் போட்டு வைக்கலாம். அந்த வித்தையைப் போட்டு வைக்கப் பெட்டி கிடையாது. யாராவது ஒருவர் காலில்தான் அது இருக்க முடியும். இப்போதைக்கு என் காலில், பாதி மட்டும்.

கூடவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். என்றைக்கு எதைக் கழற்றினேன், எதைப் போட்டேன், எந்த வேலையை யார் செய்தது. லேத் மாஸ்டர், டிங்கர், சீட்டுக்கு ரெக்சின் தைத்தவர், கிளட்ச் ஒயர் உறையைத் தேடிப்பிடித்துக் கொடுத்த புதுப்பேட்டைக் கடைப் பையன். ஏங்கிள் பக்கத்தில் 'வெல்டர், வாலாஜாபாத்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பின் மட்கார்டின் நாலு போல்ட்டையும் இறுக்கியது மாடிவீட்டுப் பையன். அவன் பெயரை எழுதும்போது இனிஷியலோடு எழுதச் சொன்னான், எழுதினேன்.

விஏ பிளேட்டுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. சாதாரணப் பதிவிலேயே ஓடுகிறது. ஏங்கிள் இப்போது காலியாகத்தான் இருக்கிறது, மோட்டார் ஏற்ற என்னிடம் கிணறு இல்லை. எப்போதாவது தண்ணி கேன் கட்டி எடுத்துவருகிறேன். மழைக்காலம் முடிந்தால் வெல்டிங் இடுக்குகளில் துரு எட்டிப்பார்க்கும். வருஷத்துக்கு ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட் அடித்து, காய்ந்ததும் கறுப்பு அடிக்க வேண்டும். இந்த வருஷம் இன்னும் அடிக்கவில்லை.